காதை மூடிய துணி

மார்ச் 3

ஓவியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் நம் இருவரையும் ஒரே மேஜையில் உட்கார வைத்ததை நினைத்துப் பதிப்பாளர் இன்னும் தலையில் அடித்துக்கொள்கிறார். நாம் போட்ட சத்தத்தில் அச்சுக்கூடத்து ஆட்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்களாம். இனித் திருத்தம் எதுவானாலும் எழுதித்தான் அனுப்ப வேண்டும், போனில் ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று உத்தரவு. அதனால் எழுதுகிறேன்.

சிறுவர்களுக்கான அரசர் வரிசையில் இது கடைசிப் புத்தகம். அதையாவது பிழையில்லாமல் கொண்டுவர வேண்டும். தென் அமெரிக்க இன்கா அரசருக்கு நீங்கள் அனுப்பிய படங்களில் மூன்று திருத்தங்கள்.

முதலில் பெயர். அட்டையில் 'அடஹுவல்பா' என்று எழுதியிருக்கிறீர்கள். பழைய பாடநூல்களில் அப்படித்தான் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். அது ஸ்பானியர்கள் தங்கள் காதில் விழுந்தபடி எழுதியதை ஆங்கிலம் வழியாக நாம் வாங்கிக்கொண்டது. அவருடைய ஜனங்கள் கூப்பிட்ட பெயரில் 'ட' கிடையாது, நடுவே 'ஹு' என்ற மூச்சும் கிடையாது. 'அத்தாவல்பா' என்றால் ஓரளவு பக்கத்தில் வரும். ஒற்றைத் 'த' போட்டால் பிள்ளைகள் மெலிதாக வாசித்துவிடுவார்கள். ஆகவே இரட்டித்து எழுதவும்.

அடுத்தது தலை. நீங்கள் வைத்திருக்கும் பெரிய இறகுக் கிரீடம் வேறு தேசத்தாருடையது. இவர் அரசர் என்பதற்கு அடையாளம் நெற்றியில் தொங்கிய சிவப்புக் கம்பளிக் குஞ்சம்.

மூன்றாவது காது. இவருடைய ஒரு காது கிழிந்திருந்தது. ஆட்சிக்காகச் சகோதரனோடு நடந்த சண்டையில், அந்தப் பக்கத்து ஆட்கள் இவரைப் பிடித்தபோது கிழிந்ததாம். அதை மறைக்கத் தலைமேல் ஒரு துணியைப் போட்டு மோவாய்க்குக் கீழே முடிந்துகொள்வாராம். ஸ்பானியர்களின் சிறையில் அவர் தனியாக இருக்கும் ஐந்தாம் படத்தில் நீங்கள் இரண்டு காதையும் முழுசாக வரைந்திருக்கிறீர்கள். அங்கே துணி இல்லாமல், கிழிந்த காதோடு வரைந்து தரவும்.

உங்கள் அண்ணி விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
நூலாசிரியர்

---

மார்ச் 9

நூலாசிரியர் அவர்களுக்கு,

கூடப்பிறந்தவளை 'நீங்கள்' என்று எழுதும்போது பேனா முனை உடையவில்லையா? சரி, நானும் அப்படியே எழுதுகிறேன். மரியாதை கொடுத்து மரியாதை வாங்கிக்கொள்வோம்.

தலைப்பை இது மூன்றாவது தடவையாக எழுதுகிறேன். உங்கள் கையெழுத்துப் பிரதியில் முதல் அத்தியாயத்தில் 'அடஹுவல்பா', இரண்டாவதில் 'அதாவால்பா', மூன்றாவதில் மறுபடியும் முதல் பெயர். எழுத்தே இல்லாமல் கயிற்றில் முடிச்சுப் போட்டுக் கணக்கை நினைவு வைத்துக்கொண்டார்களாம் அந்த ஜனங்கள். எழுத்து வைத்திருக்கும் நீங்கள் ஒரு முடிவுக்கு வர இத்தனை நாளா? போகட்டும். 'அத்தாவல்பா' நன்றாகத்தான் இருக்கிறது. இரண்டு 'த'வும் அட்டையில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போது எழுத்துக்கு ஒரு கம்பீரம் வருகிறது. இணைத்திருக்கிறேன்.

இறகுகளைப் பிடுங்கிவிட்டேன். குஞ்சம் வைத்துவிட்டேன். அதில் வாதம் இல்லை, என் தப்பு.

காதை வரைய மாட்டேன்.

இதை நான் கோபத்தில் எழுதவில்லை. எனக்கு இன்னொரு பாடநூல் வேலை இருக்கிறது, காலையிலிருந்து இரைப்பையும் குடலும் வரைந்துகொண்டிருக்கிறேன். நிதானமாகத்தான் இருக்கிறேன். ஒரு மனுஷன் தினம் எழுந்து துணியைக் கட்டிக்கொண்டுதான் நாலு பேர் முன்னால் வருகிறான் என்றால், என்னை இப்படித்தான் பார்க்க வேண்டும் என்று சொல்கிறான். அதற்கு மேலும் அவன் வாயைத் திறந்து சொல்ல வேண்டுமா? அந்தத் துணியை ஐந்நூறு வருஷம் கழித்து நீங்கள் அவிழ்க்கச் சொல்கிறீர்கள்.

ஆனால் உங்களிடம் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. அப்பா தன் கோணிய வாயை யாரும் பார்க்கக் கூடாது என்று மப்ளரைச் சுற்றிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அவர் கண்ணை மூடியதும் அந்த வாயையே சட்டம் போட்டு முன்னறைச் சுவரில் மாட்டினவர்தானே நீங்கள்.

அண்ணியிடம் நான் நன்றாக இருப்பதாகச் சொல்லவும்.

ஓவியர்

---

மார்ச் 15

தங்கச்சிக்கு,

நாடகம் போதும். அப்பாவை நீ இழுத்துவிட்டாய், இனி நூலாசிரியர் என்று கையெழுத்துப் போட என்னால் முடியாது.

உனக்கு அந்தப் படத்தில் வாய் மட்டும்தான் தெரிகிறது. எனக்கு அது அப்பா. பக்கவாதம் வந்த நாளிலிருந்து போகிற நாள்வரை நான் கஞ்சி ஊட்டியது அந்த வாய்க்குத்தான். எந்தப் பக்கம் கொடுத்தால் வழியாது, எவ்வளவு சாய்த்தால் புரையேறாது என்று என் கைக்குத் தெரியும். நீ மாட்டச் சொன்னது அப்பாவின் போட்டோ ஸ்டூடியோ வாசலில் இருந்த பழைய படம். சுருட்டை முடியும் கழுத்துப் பட்டியுமாக, கல்யாணத்துக்கு முன்னால் எடுத்தது. அதை ஒருநாள் என் மகளிடம் காட்டினேன். "இந்த அங்கிள் யாருப்பா?" என்று கேட்டாள். அவளுக்குத் தாத்தா என்றால் அந்தக் கோணல் சிரிப்புதான். அவளுக்காகவும்தான் மாட்டினேன்.

நீ வந்தாய், சுவரைப் பார்த்தாய், பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. அந்தப் படம் அங்கே இருக்கும்வரை இந்த வீட்டு வாசற்படி மிதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனவள் போனவள்தான். ஒரு வருஷம் ஆகப்போகிறது. என் மகள் உன் பெயரைச் சொல்லிக் கேட்கிறபோது நான் என்ன சொல்லட்டும்?

காது விஷயத்துக்கு வருகிறேன். நான் அதை எங்கிருந்தோ கட்டிவிடவில்லை. அவரைச் சிறைபிடித்த கூட்டத்தில் இருந்த ஒருவன் பின்னாளில் எழுதிவைத்திருக்கிறான். உயிரோடு இருந்தபோது எதிரில் உட்கார்ந்து வரைந்த படம் ஒன்றுகூட நமக்குக் கிடைக்கவில்லை. முகம் பெரியது, பார்ப்பதற்கு அழகன், கண் சிவந்திருக்கும் என்று ஒரு குறிப்பு, இந்தக் காது பற்றி ஒரு குறிப்பு. இவ்வளவுதான் அவர் முகமாக மிஞ்சியிருப்பது. அதிலும் பாதியை மறைத்தால் நாம் வரைவது யாரை? எந்த அரசனுக்கும் பொருந்துகிற ஒரு பொம்மையைத்தானே?

பதிப்பாளர் இன்று சொல்லியனுப்பினார். அடுத்த மாதத்துக்குள் ஐந்தாம் படம் முடிவாகாவிட்டால் வேறு ஓவியரிடம் கொடுத்துவிடுவாராம். அத்தோடு நீயும் நானும் சேர்ந்து புத்தகம் போடுவது முடிந்தது. எனக்கு அதில் சம்மதம் இல்லை என்பதை மட்டும் தெரிவித்துக்கொள்கிறேன்.

அண்ணன்

---

மார்ச் 21

அண்ணா,

வேறு ஓவியரிடம் கொடுத்தால் இறகுகள் பறந்து வந்து ஒட்டிக்கொள்ளும். தாராளமாகக் கொடுக்கச் சொல்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன், நிதானமாகப் படி. நாலாம் அத்தியாயத்தில் நீ எழுதியிருக்கிறாய், அவரைக் கொல்லப் போகும் கடைசி நேரத்தில் ஸ்பானியர்கள் அவருக்குத் தங்கள் மதத்துப் பெயர் ஒன்றை வைத்தார்கள் என்று. அந்தப் பெயரைப் புத்தகத்தில் ஓர் இடத்திலும் நீ சேர்க்கவில்லை. ஏன் என்று பதிப்பாளர் ஓரத்தில் கேள்வி போட்டதற்கு, 'அது அவர் கேட்டு வாங்கிய பெயர் அல்ல' என்று பதில் எழுதியிருக்கிறாய். அதைப் படித்தபோது, எவ்வளவு கோபம் இருந்தாலும், இவன் என் அண்ணன் என்று பெருமையாக இருந்தது. 'ட'வா 'த'வா என்று நீ மண்டையை உடைத்துக்கொண்டதும் அதற்காகத்தான். தன்னை என்ன பெயரால் அழைத்துக்கொண்டாரோ அதையே பிள்ளைகள் சொல்ல வேண்டும் என்று.

பெயரில் அவர் பக்கம் நிற்கிற நீ, முகத்தில் மட்டும் ஏன் மாறிப்போனாய்? காதை மறைத்தவர் அவர். வெளியே சொன்னது அவரைப் பிடித்து வைத்தவன். கேட்டதையெல்லாம் கொடுத்தும், அறை நிறையத் தங்கம் கொட்டியும் விடாமல் கொன்ற கூட்டத்துக்காரன். காட்டிக்கொடுத்தவன் பகைவன், அண்ணா. நீ யார்?

அப்பா என்ன தொழில் செய்தார்? வந்தவர்களின் முகத்தைத்தானே பார்த்தார். "மோவாயைக் கொஞ்சம் இறக்குங்க, இந்தப் பக்கம் திரும்புங்க" என்று ஒவ்வொருவருக்கும் நல்ல பக்கம் எது என்று கண்டுபிடித்துத்தான் பொத்தானை அழுத்துவார். அம்மைத் தழும்பு இருந்தால் நெகட்டிவில் பென்சில் வைத்து மணிக்கணக்கில் மெழுகுவார். ஊராரின் தழும்பையெல்லாம் மறைத்தவரை, அவர் தழும்போடு மாட்டிவிட்டாயே என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

நான் வரும்போதெல்லாம் வெயில் கொளுத்தினாலும் மப்ளர் கட்டியிருப்பார். எதற்கு என்று ஒருதரம் கேட்டேன். காதில் குளிர் ஏறுகிறதாம். எனக்குத் தெரியாதா? தெரியாத மாதிரி இருந்தேன். அவர் அதைத்தான் விரும்பினார்.

கடைசியாக, திருத்தத் தாளில் நீ போடும் சிவப்புக் கோடு ஒன்றுகூட நேராக இல்லை. சின்ன வயதில் ஸ்டூடியோ இருட்டறைக் கதவில் நசுங்கின உன் கோணல் சுண்டுவிரலை வைத்துக்கொண்டு இனிமேல் அடிக்கோல் வைத்து அடி.

தங்கச்சி

---

ஏப்ரல் 2

தங்கச்சிக்கு,

பதில் எழுத நாளாகிவிட்டது. இரண்டு தடவை எழுதிக் கிழித்தேன். உன்னிடம் சொல்லக் கூடாது என்று வைத்திருந்த ஒன்றைச் சொல்லாமல் உனக்குப் பதில் சொல்ல முடியவில்லை. நீ கேட்டது அப்படிப்பட்ட கேள்வி.

அப்பா மப்ளர் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. நீ வரும்போது கட்டியிருந்தார்.

நீ பஸ்ஸை விட்டு இறங்கி, வந்துவிட்டேன் என்று போன் பண்ணுவாய் இல்லையா, அந்த மணி அடித்ததும் அவருக்குப் பரபரப்பு வந்துவிடும். அலமாரியைக் கையால் காட்டி, "எடுடா அதை" என்பார். வார்த்தை சரியாக வராது, எனக்குப் புரியும். நான்தான் கட்டிவிடுவேன். கன்னத்தை மூடி, காதை மூடி, வலது பக்கம் முடிச்சுப் போட வேண்டும். இடது பக்கம் போட்டால் உணர்ச்சி இல்லாத சதை இழுபட்டு இன்னும் கோணும். முதல் தடவை எனக்குத் தெரியாமல் இடது பக்கம் போட்டுவிட்டேன், என்னை ஒரு முறை முறைத்தார். கட்டி முடித்ததும் ஸ்டூடியோவில் இருந்த கைக்கண்ணாடியைக் கேட்பார். பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் மேலே என்பார். வாடிக்கையாளருக்குக் காலரைச் சரிசெய்தாரே, அதே மாதிரி தனக்குச் செய்துகொள்வார், என் கையை வைத்து.

நீ கிளம்பித் தெருமுனை திரும்பியதும் நான் அவிழ்ப்பேன். பிறகு அடுத்த தடவை நீ வரும்வரை அது அலமாரியில்தான் இருக்கும். என் முன்னால், உன் அண்ணி முன்னால், என் மகள் முன்னால், பால்காரர் முன்னால்கூட வெறும் முகத்தோடுதான் இருந்தார். என் மகள் அந்த வாயைப் பிடித்து இழுத்து விளையாடுவாள். விட்டுவிடுவார்.

நான் யார் என்று கேட்டாயே. இத்தனை நாளும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த அரசரின் காதைப் பார்த்தவன் எழுதிவைத்த பகைவன் ஒருவன் மட்டும் இல்லை, தங்கச்சி. காலையில் அந்தத் துணியை யாரோ கட்டிவிட்டிருப்பார்கள் இல்லையா? சிறையில் பெண்கள் அவருக்குப் பணிவிடை செய்ததாக எழுதியிருக்கிறார்கள். துணியைக் கட்டிய கை தினமும் அந்தக் காதைப் பார்த்திருக்கும், தொட்டிருக்கும், வலிக்காமல் மூடியிருக்கும். அந்தக் கையைப் பற்றி யாரும் ஒரு வரி எழுதவில்லை.

நான் பகைவன் இல்லை. துணி கட்டினவன்.

அண்ணன்

---

ஏப்ரல் 6

அண்ணா,

அவர் என்னிடம் மட்டும்தான் மறைத்தாரா? ஆமாம், இல்லை என்று ஒரு வார்த்தை எழுது. மழுப்பாதே.

---

ஏப்ரல் 9

அன்புள்ள தங்கச்சிக்கு,

ஆமாம்.

ஒரு வார்த்தை கேட்டாய், எழுதிவிட்டேன். அத்தோடு நிறுத்தினால் நான் மனுஷன் இல்லை, அதனால் மிச்சத்தையும் படி.

எனக்கும் ஒருநாள் பொறுக்கவில்லை. "அவ உங்க பொண்ணுதானேப்பா, அவகிட்ட என்ன வெட்கம்" என்று கேட்டுவிட்டேன். அவர் பேசி முடிக்க வெகுநேரம் ஆனது. நான் விளங்கிக்கொண்டது இது. "வெட்கம் இல்லடா. அவ கண்ணு சும்மா பாக்காது. ஒருதரம் பாத்தா அவ கை அதையே வரையும். அவகிட்டயாவது நான் பழைய மாதிரி இருந்துட்டுப் போறேன்."

உன்னை ஒதுக்கினார் என்று நினைக்காதே. என்னிடம் அவர் முகத்தை விட்டுவிட்டார், வேறு வழியில்லை, ஊட்டுகிறவன் நான். தன் நல்ல முகத்தைப் பத்திரமாக வைக்க அவருக்கு ஒரே ஓர் இடம் இருந்தது, அது உன் கை. அதை நான் கெடுத்துவிட்டேன் என்பது நீ சுவரைப் பார்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தபோதே எனக்குத் தெரியும். தெரிந்தும் வீம்புக்கு விட்டுவைத்தேன். எனக்கும் அப்பா வேண்டியிருந்தது.

அந்தப் படம் நான் எடுத்ததுதான், அவருடைய பழைய கேமராவில். என் மகள் ஏதோ செய்தாள், அவர் சிரித்தார், நான் அழுத்திவிட்டேன். பிரிண்ட் போட்டு அவரிடம் கொடுத்தபோது திட்டுவார் என்று பயந்தேன். கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு "வெளிச்சம் சரியில்ல" என்றார். அவ்வளவுதான். அதைச் சம்மதம் என்று நான் சொல்ல மாட்டேன். மறுப்பு என்றும் சொல்ல முடியவில்லை.

நீ சொன்னால் கழற்றிவிடுகிறேன். காதையும் வரைய வேண்டாம், பதிப்பாளரிடம் நான் பேசிக்கொள்கிறேன். நீ வந்தால் போதும்.

அண்ணன்

---

ஏப்ரல் 24

அண்ணா,

உன் கடிதம் வந்த அன்று தூரிகையைக் கழுவி வைத்தவள் நாலைந்து நாள் எடுக்கவே இல்லை. குடல் படம் கேட்டு ஆள் வந்தான், நாளைக்கு வா என்று அனுப்பிவிட்டேன். அழுதேன். எதற்கு மறைக்க? உன்மேல் பொறாமையாகவும் இருந்தது. அவர் வெறும் முகத்தோடு என் முன்னால் ஒருநாள் உட்கார்ந்திருந்தால் போதும், நான் வரையவே மாட்டேன் என்று சத்தியம் செய்து கொடுத்திருப்பேன். ஆனால் அவர் சொன்னது சரிதான். வரைந்திருப்பேன்.

பிறகு பழைய முகத்தை வரைந்து பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். சுருட்டை முடி வந்தது, கண் வந்தது. வாய்க்கு வந்தபோது கை நின்றுவிட்டது. உன் சுவரில் பார்த்தது ஒரு நிமிஷம்தான், அது வந்து உட்கார்ந்துகொண்டது. அழிக்கவில்லை. அப்படியே விட்டுவிட்டேன்.

இதனோடு ஐந்தாம் படம். கிழிந்த காது இதில் இல்லை. துணி இருக்கிறது. ஆனால் உன் கடிதத்தைப் படித்த பிறகு அவரை அந்த அறையில் தனியாக உட்கார வைக்க எனக்கு மனம் வரவில்லை. காலை நேரம். தாழ்வான இருக்கையில் உட்கார்ந்திருக்கிறார், நெற்றியில் குஞ்சம், மோவாயைக் கொஞ்சம் தூக்கிக் கொடுக்கிறார். பின்னாலிருந்து இரண்டு கைகள் வந்து துணியை முடிகின்றன. கைக்காரர் முகம் தெரியாது. கீழே பெயரை நானே எழுதியிருக்கிறேன், இரண்டு 'த'வோடு.

பதிப்பாளருக்குப் பிடிக்காவிட்டால் அவர் பாடு.

சுவரிலிருந்து படத்தைக் கழற்றாதே. இடத்தை மட்டும் மாற்று. முன்னறையில் அந்த மூலையில் எப்போது பார்த்தாலும் இருட்டு. ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் மாட்டு. வெளிச்சம் சரியில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார், அதைக்கூடவா காதில் வாங்கவில்லை?

பாடநூல் வேலை முடிந்ததும் வருகிறேன். பஸ்ஸை விட்டு இறங்கினால் போன் பண்ண மாட்டேன். நேரே வந்துவிடுவேன்.

கிறுக்கி

---

மே 2

அன்புள்ள கிறுக்கிக்கு,

சுவரெல்லாம் கிறுக்கி அப்பாவிடம் நீ சம்பாதித்த பெயரை நீயே எழுதி எவ்வளவு நாளாயிற்று. உன் அண்ணி கடிதத்தை என் கையிலிருந்து பிடுங்கிப் படித்தாள்.

பதிப்பாளர் படத்தை மேஜையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, அட்டைக்கும் இதையே போடலாமா என்று கேட்டார். நீ முடிவு செய்து சொல்.

அப்பாவை ஜன்னலுக்கு எதிரே மாற்றிவிட்டேன். காலையில் நன்றாக இருக்கிறது. மாலையில்தான் கண்ணாடியில் வெளிச்சம் அடித்து முகம் தெரியாமல் போகிறது. இன்னும் கொஞ்சம் சாய்க்க வேண்டுமா என்று நீ வந்து பார்த்துச் சொல்ல வேண்டும். எனக்கு அது தெரியாது. என் மகள் தினமும் வாசலுக்கும் ஜன்னலுக்குமாக நடந்துகொண்டிருக்கிறாள்.

திருத்தத் தாள் இணைத்திருக்கிறேன். வழக்கம்போல எல்லாவற்றையும் பார்த்தேன். பெயர் சரி. குஞ்சம் சரி. இருக்கையின் உயரம் சரி. முடிச்சு மோவாய்க்குக் கீழே, வலது பக்கமாக இருக்கிறது. அவர் எந்தப் பக்கம் முடிந்தார் என்று எந்தக் குறிப்பும் இல்லை, அதனால் அதையும் சரி என்றே போட்டுவிட்டேன்.

தவறு ஒன்றுதான். சிறையில் அவருக்குப் பணிவிடை செய்தவர்கள் பெண்கள். நீ வரைந்திருப்பது ஆணின் கைகள். வலது சுண்டுவிரல் நசுங்கிக் கோணலாக இருக்கிறது. சிவப்புப் பேனாவை எடுத்து வைத்துக்கொண்டு அந்த விரலையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வரலாற்றின்படி அது பிழை. திருத்த வேண்டாம்.

அண்ணன்